"முடியாது" என்று சொன்ன சைலன்சர் பட்டறை: என் ஃபியஸ்டா எஸ்டியும் எம்ஓடி சோதனையும்

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் எங்கே போனது என்று பின்னால் சொல்கிறேன், அது பெரிய விஷயமில்லை. இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டில் இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சைலன்சர் பட்டறை இது. ஒரு முதலாளி, ஓர் உதவிப் பையன், ஒரு லிஃப்ட், பைப் வளைக்கிற மெஷின் ஒன்று, அவ்வளவுதான் கடை. பெயர் போடவில்லை. போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், இப்போதே மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, இதற்கு மேல் கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாதாம். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் தனியாகக் கேட்டால் வழி சொல்கிறேன்.

நான் அங்கே செய்துகொண்டது இரண்டு வேலை. புதுக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (என்ஜின் புகையைச் சுத்தம் செய்கிற டப்பா), பொருத்தும் கூலியோடு 310 பவுண்டு. அதிலிருந்து பின்னால் வால் வரைக்கும் புது சைலன்சர் லைன், 560 பவுண்டு. இது போக, என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரின் செட்டிங்கை, அதாவது மேப்பை, பழையபடி மாற்ற வேறொருவரிடம் 120. மொத்தம் 990. இந்தப் பணத்துக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம் என்று வீட்டில் கணக்குச் சொன்னார்கள், மறுக்க முடியவில்லை. ஆனால் இதில் பாதிக்கு மேல் எனக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் செய்துவிட்டுப் போன கூத்துக்கான செலவு.

கார் 2014 ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, 1.6 லிட்டர் டர்போ, 182 குதிரைத்திறன். செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக் வேலியோரம் வெயிலில் நின்று வளர்ந்த கோயம்புத்தூர்க்காரனுக்கு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் புத்தி இப்படித்தான் போகும். தனியாள் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோதே சத்தம் கேட்டது, கேட்காமல் இல்லை, உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தத்துக்குத்தான் மயங்கினேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் சரவெடி மாதிரி பட் பட்டென்று வெடிக்கும். "சைலன்சர் மாற்றியிருக்கிறேன், எம்ஓடி எல்லாம் பாஸ்" என்றார். எம்ஓடி, அதாவது இங்கே காருக்கு வாங்க வேண்டிய வருடாந்திரச் சோதனைச் சான்று, இன்னும் ஒன்பது மாதம் பாக்கி இருந்தது, சரிபார்த்தேன். கீழே படுத்து ஒரு டார்ச் அடித்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

முதல் மாதம் சொர்க்கம். இரண்டாவது மாதத்திலிருந்து காதுக்குள் ஒரு வண்டு குடியேறிவிட்டது. எம்4 மோட்டார்வேயில் எழுபது மைலில் ஆறாவது கியரில் போனால் என்ஜின் 3000 சுற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். நாலு சிலிண்டர் என்ஜினில் 3000 சுற்று என்றால் நொடிக்கு 100 தடவை வெடிப்பு. அந்த நூறு ஹெர்ட்ஸ் உறுமலை அடக்க நடுவில் எதுவும் இல்லாவிட்டால், கார் கூடு மொத்தமும் ஒரு தவில் ஆகிவிடும். கார்டிஃப் போய் வந்த அன்று இரவு தலையணையில் சாய்ந்த பிறகும் அந்த "ம்ம்ம்" நிற்கவில்லை. என் மனைவி நேரடியாகத் திட்டுகிற ஆள் இல்லை, கொங்கு நக்கல்தான். "ஏனுங்க, நீங்க ரவுண்டானா தாண்டறப்பவே தெரிஞ்சுருதுங்க, டீ வைக்கச் சௌரியமா இருக்குது" என்றாள்.

அப்புறம் எம்ஓடி வந்தது. ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி: இங்கே கார் மூன்று வயதைத் தாண்டினால் ஒவ்வொரு வருடமும் சோதனை செய்து சான்று வாங்கியே ஆக வேண்டும். 1960ல் ஆரம்பித்தபோது பத்து வயதான கார்களுக்கு மட்டும் இருந்ததை 1967ல் மூன்று வயதுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பெயர் பழைய போக்குவரத்து அமைச்சகத்தின் முதலெழுத்துகள், அமைச்சகத்தின் பெயர் மாறியும் சோதனையின் பெயர் மாறவில்லை. காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, போட்டிக்காக நிறைய இடங்களில் குறைத்தே வாங்குகிறார்கள். நான் கொடுத்தது 45.

நான் போனது கவுன்சில் நடத்துகிற டெப்போ ஒன்றுக்கு. குப்பை லாரி, பேருந்து என்று தங்கள் சொந்த வண்டிகளைச் சோதிப்பதற்காக வைத்திருக்கிற இடம், பொதுமக்கள் காரையும் பார்க்கிறார்கள். அங்கே ரிப்பேர் வேலை எடுப்பதில்லை, அதனால் இல்லாத குறையைக் கண்டுபிடித்து பில் போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. உங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தால் தயங்காமல் அங்கே போங்கள், என் அனுபவத்தில் நேர்மையான சோதனை, ஆனால் சலுகையும் கிடையாது.

அந்த டெஸ்டர் பத்து நிமிடத்துக்குள் என்னை ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். காரைத் தூக்கி, விளக்கை அடித்து, ஒரு பைப்பைக் காட்டினார். டர்போவைத் தாண்டியதும் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று வெறும் குழாய். அதிலிருந்து வால் வரை நடு சைலன்சர் என்ற பேச்சே இல்லை, நேர்க்கோடு. கம்பெனி மாட்டி அனுப்பிய கன்வெர்ட்டர் இல்லை என்றால் அதுவே ஃபெயில், புகையை அளக்கக்கூடத் தேவையில்லை. இருந்தாலும் அளந்தார். என்ஜினைச் சூடாக்கி 2500க்கும் 3000க்கும் நடுவில் பிடித்து வைத்து, வாலுக்குள் குழாயைச் செருகிப் பார்க்கிற சோதனை. என் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.7 காட்டியது. ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியே வருகிற பெட்ரோல், பத்து லட்சத்துக்கு 200 பங்குக்குள் இருக்க வேண்டும், 260.

மூன்றாவது ஃபெயில் சத்தம். இதில் பலருக்கும் ஒரு தப்பான நினைப்பு இருக்கிறது, எனக்கும் இருந்தது. எம்ஓடியில் டெசிபல் மீட்டர் கிடையாது. இதே மாதிரி கார் ஒன்று, கம்பெனி சைலன்சர் ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் எவ்வளவு சத்தம் போடுமோ, அதைவிட நியாயமில்லாத அளவுக்கு அதிகமா என்று டெஸ்டர் தன் காதால்தான் முடிவு செய்கிறார். அதாவது கொஞ்சம் கம்பீரமாக உறுமுவதற்கு இடம் இருக்கிறது. மாற்று சைலன்சர் மாட்டினாலே ஃபெயில் என்பது பொய். என்னுடையதைக் கேட்டுவிட்டு அவர் காது அடைப்பானைக் கழற்றவே இல்லை, அது வேறு கதை.

இன்னொரு விஷயம், ஃபெயில் ஆனது அரசாங்கத்தின் இணையதளத்தில் அப்படியே பதிவாகிவிடும். நம்பர் பிளேட் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் அந்தக் காரின் எம்ஓடி வரலாற்றைப் பார்க்கலாம். அன்று மாலை என் கார் எண்ணைப் போட்டு முந்தைய வருடங்களைப் பொறுமையாகப் படித்தேன். வருடா வருடம் சுத்தமான பாஸ். அப்படியென்றால் சோதனை அன்று மட்டும் பழைய கன்வெர்ட்டரை மாட்டி, முடிந்ததும் கழற்றியிருக்கிறார் மனிதர். காரை விற்றபோது அந்தக் கன்வெர்ட்டரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், அல்லது அதையும் தனியாக விற்றிருப்பார். உள்ளே இருக்கிற பல்லேடியம், ரோடியத்துக்காக நிறுத்தி வைத்த காரிலிருந்தே அறுத்துக்கொண்டு போகிற நாடு இது, எங்கள் தெருவில் ஒரு ஹோண்டா ஜாஸில் அது நடந்தது.

மதுரைக்கார நண்பன் ஒருவன் போனில் யோசனை சொன்னான்: "மாப்ள, நீயும் ஒண்ணை வாடகைக்கு வாங்கி டெஸ்ட் அன்னைக்கு மட்டும் மாட்டு, மறுநாள் கழட்டிரு. எல்லாரும் அப்படித்தான் பண்றாய்ங்க." வருடத்துக்கு இரண்டு தடவை துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. காசு கொடுத்தால் காரைப் பார்க்காமலே பாஸ் போடுகிற ஆள் இருக்கிறார் என்றும் சொன்னான். அது மோசடி, பிடிபட்டால் வழக்கு போடுகிறார்கள். நான் விசாவில் இருக்கிறவன், சைலன்சருக்காகக் கோர்ட் படி ஏற முடியாது.

பழைய சான்று முடிய இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. ஃபெயிலில் 'அபாயகரம்' என்ற வகை எதுவும் இல்லாவிட்டால், பழைய சான்று செல்லும் வரை காரை எடுத்துக்கொண்டு போகலாம். கடைசி நாள் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போனதற்கு அன்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். காலாவதிக்கு ஒரு மாதத்துக்குள் எப்போது போனாலும் அடுத்த வருடத் தேதி மாறாது, அதனால் முன்னால் போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். அவசரத்தில், உட்கார்ந்திருக்கும்போதே வேலையை முடித்துக் கொடுக்கிற ஒரு கடைக்குப் போனேன். டயர், பேட்டரி, சைலன்சர் எல்லாம் ஒரே கூரை, காபி மெஷின், பளபள தரை. பெயர் வேண்டாம். அவர்கள் 165 பவுண்டுக்கு ஒரு மலிவுக் கன்வெர்ட்டரை மாட்டினார்கள். பழைய நேர்க்குழாய்க்கும் அதற்கும் விட்டம் ஒத்துவரவில்லை, ஒரு ஸ்லீவைச் சொருகி கிளாம்ப் போட்டு முறுக்கினார்கள். "எம்ஓடி நிச்சயம்" என்று கைகுலுக்கினார்கள். வாலுக்கு முன்னால் ஒரு சின்ன சைலன்சர் டப்பாவும் வைத்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். சந்தோஷமாக வந்தேன்.

பத்து வேலை நாளுக்குள் அதே இடத்துக்குத் திரும்பினால் ஃபெயில் ஆனவற்றை மட்டும் பாதிக் கட்டணத்துக்குள் பார்த்துக் கொடுப்பார்கள். போனேன். கன்வெர்ட்டர் இருக்கிறது, டிக். சத்தம் பரவாயில்லை, டிக். கார்பன் மோனாக்சைடு எல்லைக்குள். ஆனால் லாம்டா, அதாவது பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று என்கிற அளவு, 1.07. இது 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். டெஸ்டர் கையுறைக் கையை அந்த கிளாம்ப் பக்கம் கொண்டுபோனார், புஸ் புஸ் என்று காற்று. சைலன்சரில் ஓட்டை இருந்தால் புகை வெளியே மட்டும் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவில் அழுத்தம் இறங்குகிற அந்தக் கணத்தில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அளக்கிற மெஷினுக்கு அந்த ஆக்சிஜன் தெரியும், கலவையில் காற்று அதிகம் என்று சொல்லிவிடும். என்ஜின் ஒழுங்காகத்தான் எரிகிறது, கிளாம்ப்தான் பொய் சொல்கிறது. கசிவுக்குத் தனியாக ஒரு ஃபெயில், லாம்டாவுக்குத் தனியாக ஒன்று.

காபி மெஷின் கடைக்குத் திரும்பிப் போனால், "அது உங்கள் பழைய பைப்பின் கோளாறு, எங்கள் பொருளுக்கு மட்டும்தான் உத்தரவாதம்" என்றார்கள். அரை மணி நேரம் வாதாடி 40 பவுண்டு திரும்ப வாங்கினேன். கன்வெர்ட்டரைக் கழற்றி அவர்கள் மேஜையில் வைத்துவிட்டு வரலாமா என்று தோன்றியது, காரை எப்படி வீட்டுக்கு ஓட்டுவது என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் டெப்போவில் ஒருவர் காதோடு காதாக இந்தப் பட்டறையைச் சொன்னார்.

முதல் தடவை போனபோது முதலாளி காரைத் தொடவே இல்லை. கை துடைத்துக்கொண்டு கேள்விகளாகக் கேட்டார். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறேன், மோட்டார்வே உண்டா, பின் சீட்டில் யார் உட்காருவார்கள், இந்த வெடிச்சத்த மேப் வேண்டுமா வேண்டாமா. நான் பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி, 200 செல் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர், மூன்று அங்குலப் பைப், நடு சைலன்சர் வேண்டாம், பின்னால் மட்டும் ஒன்று போதும் என்று ஒப்பித்தேன். முடியாது என்றார். கோபமாக இல்லை, மழை வரும் என்று சொல்கிற குரலில். 200 செல் என்றால் உள்ளே தேன்கூட்டு ஓட்டைகள் பெரிது, காற்று நன்றாகப் போகும், ஆனால் புகையைச் சுத்தம் செய்கிற பரப்பு குறைவு. நன்றாகச் சூடாக இருந்தால் பாஸ் ஆகும், டெஸ்டர் காரை வெளியே குளிரில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டால் சந்தேகம், அந்தச் சந்தேகத்தை உங்களுக்கு விற்க எனக்கு இஷ்டமில்லை என்றார். 182 குதிரைக்கு மூன்று அங்குலம் வீண், இரண்டரை போதும். நடு சைலன்சர் இல்லாமல் வேண்டுமென்றால் வேறு கடையைப் பாருங்கள். வெடிச்சத்த மேப்பை எடுக்காமல் வந்தால் கன்வெர்ட்டரை மாட்டவே மாட்டேன்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணமும் சொன்னார். அந்தப் பட் பட் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், காலை எடுத்த பிறகும் பெட்ரோலை விட்டு, நெருப்புப் பொறியைத் தாமதப்படுத்தி, எரிய வேண்டியது சிலிண்டருக்கு வெளியே சைலன்சர் லைனில் எரிகிறது. வெறும் குழாயில் அது வேடிக்கை. கன்வெர்ட்டருக்குள் அது நடந்தால் உள்ளே இருக்கிற பீங்கான் உருகி உதிர்ந்துவிடும். அது மட்டுமில்லை, அந்த மேப்பில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரின் வாயையும் கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் செக் என்ஜின் விளக்கு எரிந்திருக்கும். விளக்கு எரிந்தால் எம்ஓடி ஃபெயில். விளக்கையே பிடுங்கியிருந்தாலும் ஃபெயில், சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆகவே சென்சாருக்கு வாயைத் திறந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று விட்டார். 120 பவுண்டு அப்படிப் போனது.

எனக்கு ஒரு பக்கம் கடுப்பு. பணம் கொடுக்கிறவன் நான், கண்டிஷன் போடுகிறது நீயா என்று. ஆனால் கைகுலுக்கி நிச்சயம் என்று சொன்ன கடையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, எதெல்லாம் ஆகாது என்று விரல் விட்டு எண்ணிச் சொன்ன இந்த ஆள் மேல் சட்டென்று நம்பிக்கை வந்துவிட்டது. அங்கேயே முன்பணம் கொடுத்தேன்.

மூன்று வாரம் காத்திருந்தேன். நடுவில் சான்று காலாவதியாகிவிட்டது. சான்று இல்லாமல் ஓட்டினால் 1000 பவுண்டு வரை அபராதம். ரிப்பேருக்குக் கொண்டுபோகலாம், முன்பதிவு செய்த சோதனைக்குப் போகலாம், மற்றபடி தொடக்கூடாது. வீட்டு முன் நிறுத்திவிட்டு, நவம்பர் மழையில் பஸ்ஸில் ஆபீஸ் போனேன். பஸ் நல்ல சர்வீஸ்தான், அதற்குத் தனியாக எழுதலாம்.

வேலை நடந்த நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன், உள்ளே வரக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பழைய லைனை மொத்தமாக இறக்கினார். ஒரு காந்தத்தை எடுத்து அந்தக் காபி மெஷின் கடைக்காரர்கள் வைத்த சைலன்சர் டப்பாவில் வைத்தார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. பில்லில் "ஸ்டெயின்லெஸ்" என்றுதான் இருந்தது. அது பொய்யில்லை, 409 ரகமும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் காந்தம் பிடிக்கும், குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் கொட்டுகிற உப்பில் மேலே துரு ஏறும். அவர் போடுவது 304, அதில் காந்தம் வழுக்கி விழுந்தது. வெல்டு போட்ட இடத்தில் மட்டும் லேசாக இழுக்கும், பயப்பட வேண்டாம் என்றார். கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற திருப்பதி காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், சொல்லிவிட்டேன்.

வெல்டிங்தான் இந்தக் கடையின் நிஜமான சரக்கு. இணைக்கிற இரண்டு பைப்புக்கும் வாயை அடைத்து, உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பி, அப்புறம் வெளியே டிக் (TIG) வெல்டு. உள்ளே காற்று இருந்தால் வெல்டின் பின்பக்கம் கருகி, சர்க்கரைப் பாகு கட்டி தட்டின மாதிரி சொரசொரப்பாகி, கொஞ்ச நாளில் அங்கேதான் விரிசல் விடுமாம். உதவிப் பையன் ஒரு துண்டை அறுத்து உள்பக்கத்தைக் காட்டினான், வெளியே இருந்த மாதிரியே வழவழப்பு. என் அப்பாவின் நண்பர் ஒருவர் பீளமேட்டில் லேத் வைத்திருந்தார், வேலை முடிந்ததும் துண்டைக் கையில் கொடுத்து "தடவிப் பாரு" என்பார், அந்த ஞாபகம் வந்தது. கிளாம்ப் மொத்த லைனிலும் ஒன்றே ஒன்று, அதுவும் பின்னால் கழற்றி மாட்ட வசதிக்காக.

கன்வெர்ட்டரை மாட்டும் முன் அதன் முதுகைத் திருப்பிக் காட்டி, வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் பக்கத்தில் எண்ணும் அடித்திருப்பதைப் பார்க்கச் சொன்னார். ஒப்புதல் பெற்ற பொருளுக்கான முத்திரை அது. மேஜையில் கிடந்த என் 165 பவுண்டு பொருளில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. காரை லிஃப்டிலிருந்து இறக்கின பிறகு இன்னொரு வேலை செய்தார், இது ரொம்பப் பிடித்தது: வாலை ஒரு கந்தைத் துணியால் அடைத்துப் பிடித்து என்ஜினை ஓடவிட்டார். எங்காவது கசிவு இருந்தால் புஸ்ஸென்று காட்டிக்கொடுக்கும். ஒன்றும் இல்லை, என்ஜின் திணறி அணைந்தது. சிரித்தார், அன்று முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புதுச் சோதனை, முழுக் கட்டணம், அதே டெப்போ, அதே டெஸ்டர். அந்தத் துண்டுச் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். அதே 2500-3000 சுற்றில் கார்பன் மோனாக்சைடு 0.01, ஹைட்ரோகார்பன் 9, லாம்டா 1.002. சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின் டயர் ஒன்று தேய்கிறது என்று மட்டும் ஓர் அறிவுரைக் குறிப்பு. வெளியே வரும்போது, யார் செய்தது என்று கேட்டார், சொன்னேன், அவர் தலையசைத்தார். அந்த ஊரில் அவ்வளவுதான் பாராட்டு.

சரி, சத்தம் எப்படி இருக்கிறது? அதற்குத்தானே இதைப் படிக்கிறீர்கள். ஸ்டார்ட் செய்ததும் அடித்தொண்டையில் ஒரு கனைப்பு, கம்பெனி சைலன்சரை விட ஒரு கட்டை தாழ்வு. 4000க்கு மேல் மிதித்தால் நன்றாகப் பாடுகிறது, தகரம் அதிர்கிற சத்தம் இல்லை. 3000ல் மோட்டார்வேயில் பழைய வண்டு போயே போய்விட்டது. அவர் நடுவில் வைத்த அந்த நீளமான ரெசனேட்டர்தான் காரணம், நான் வேண்டாம் என்று ஒப்பித்த அதே டப்பா. போனில் இருக்கிற டெசிபல் ஆப்பில் காருக்குள் 79 காட்டிய இடத்தில் இப்போது 71. போன் ஆப்பை நம்பி யாரும் சண்டைக்கு வராதீர்கள், வித்தியாசம் காதுக்கே தெரிகிறது. வெடிச்சத்தம் சுத்தமாக இல்லை. ஒரு வாரம் அதற்காக ஏங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. வேகம் கூடியதா என்று கேட்டால், இல்லை. விற்பவர்கள் சொல்கிற பத்துக் குதிரை, பதினைந்து குதிரை எதுவும் எனக்குத் தெரியவில்லை, அவரும் அப்படி எதுவும் சொல்லி விற்கவில்லை.

மில்டெக், ஸ்கார்பியன் மாதிரி பெயர் பெற்ற கம்பெனிகளின் ரெடிமேட் லைனை வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், நல்ல பொருள்தான், அதிலும் ரெசனேட்டர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை வைத்திருப்பார்கள், உள்ளதை வாங்குங்கள். எனக்குப் பட்டறை தேவைப்பட்டதற்குக் காரணம் முன்பக்கம் ஏற்கெனவே வெட்டிக் கிடந்தது, ரெடிமேட் லைன் பொருந்தியிருக்காது. உங்கள் காரில் கம்பெனிக் கன்வெர்ட்டர் அப்படியே இருந்தால், அதைத் தொடாமல் அதற்குப் பின்னால் மட்டும் மாற்றினால், எம்ஓடிக்குப் பயப்பட அநேகமாக ஒன்றுமில்லை. டீசல்காரர்களுக்கும் இதே கதைதான்: கரித்துகள் ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டினால் 2014 பிப்ரவரியிலிருந்து ஃபெயில். 2018 மே மாதத்திலிருந்து ஃபில்டர் உள்ள டீசல் காரில் கண்ணுக்குத் தெரிகிற புகை வந்தாலே போச்சு.

இன்சூரன்ஸுக்குச் சொன்னேன், 38 பவுண்டு கூட்டினார்கள். சொல்லாமல் விட்டால் மோதின அன்று கையை விரிப்பார்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எம்ஓடி பாஸ் ஆகிவிட்டால் ரோட்டில் எவ்வளவு சத்தமும் போடலாம் என்பதும் இல்லை. சத்தம் கூடும்படி சைலன்சரை மாற்றுவதற்கு எதிராகத் தனிச் சட்டவிதி இருக்கிறது, போலீஸ் நிறுத்தலாம். 2022ல் பிராட்ஃபோர்டு பக்கம் கீத்லியில் சத்தத்தைப் பிடிக்கிற கேமராவையே வைத்துச் சோதித்தார்கள், லண்டனில் கென்சிங்டன் பகுதியில் கோடையில் வந்து உறுமுகிற சூப்பர் கார்களுக்கு அதே மாதிரி கருவியால் அபராதம் போடுகிறார்கள். நம் ஊரில் புல்லட் சைலன்சர்களை வரிசையாகப் படுக்க வைத்து ரோடு ரோலர் ஏற்றுகிற போலீஸ் வீடியோவை அந்தப் பட்டறை முதலாளியிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். அந்த ரோலரை ஓட்டுகிறவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்றார்.

இப்போது அந்த அரை மதிப்பெண். வால் குழாய் இரண்டும் பம்பர் ஓட்டையின் நடுவில் இல்லை, ஐந்து மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. சொன்னால், ரப்பர் ஹேங்கர்கள் பழசு, ஓடி ஓடிப் படிந்ததும் சரியாகும் என்றார். நாலு மாதமாகிறது, படியவில்லை. பில் கேட்டு மூன்று நாள் கழித்து ஓர் அட்டைத் துண்டில் எழுதிப் போட்டோவாக அனுப்பினார், இன்சூரன்ஸ்காரர்களுக்கு அனுப்ப எனக்கே வெட்கமாக இருந்தது. சொன்ன தேதியிலிருந்து இரண்டு நாள் தள்ளிப்போனது, போன் செய்தால் எடுப்பதே இல்லை, நேரில் போனால்தான் பேச்சு. கார்டு மெஷின் இருக்கிறது, ஆனால் எப்போதும் சார்ஜ் இல்லை. இதெல்லாம் சேர்த்துத்தான் அரை. வாலை நேராக்கிக் கொடுத்தால் அதையும் கொடுத்துவிடுவேன்.

பழைய நேர்க்குழாயை அவரே டிக்கியில் போட்டு அனுப்பினார், பின் சீட்டை மடக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. விற்பனைக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் போகும், இந்தக் காருக்கு அந்த மாதிரிப் பைப்பைத் தேடுகிற பையன்கள் நிறைய. போடவில்லை. தோட்டத்தில் மனைவி அவரைக்கொடிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள், நேராக இருப்பதால் நன்றாக ஏறுகிறது என்கிறாள்.